மினி டென்ட்ரோபியம்: இலைச் செடியோடு ஒரே தொட்டியில் நடலாமா?

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் தொங்கும் கல்யாண மாலைகளை உற்றுப் பாருங்க. ஊதாவும் வெள்ளையுமாகக் கோத்திருக்கும் ஆர்க்கிட் பூ பெரும்பாலும் டென்ட்ரோபியம்தான். அதன் குட்டை வகைகள் ஒரு சாண், ஒன்றரை சாண் உயரத்திலேயே பூத்துவிடும். சாலாக் செலாத்தான் பக்கம் அடுக்குமாடி வீட்டின் சின்ன பால்கனிக்கு இது சரியான செடி.

ஆனா வாங்கிட்டு வந்து சில மாதத்தில் பலருடைய செடி அழுகிப்போகுது. அழகா இருக்கட்டும்னு மணிபிளாண்ட், பெரணி, ஃபிட்டோனியா போன்ற இலைச் செடிகளோடு சேர்த்து ஒரே மண்ணில் நடுவதுதான் அடிக்கடி காணும் காரணம்.

ஒரே தொட்டி ஏன் ஆகாது?

1799-இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் வைத்த பெயரிலேயே விடை இருக்கு. கிரேக்க மொழியில் ‘டென்ட்ரான்’ என்றால் மரம், ‘பியோஸ்’ என்றால் வாழ்வு. மரக்கிளையில் ஒட்டி வளரும் செடி இது. வேரைச் சுற்றி வெலமென் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பெய்தால் சட்டென உறிஞ்சும், பிறகு காற்றில் காயணும். ஃபிட்டோனியாவோ இரண்டு நாள் காய்ந்தாலே துவண்டு விழும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்க் கணக்கு பொருந்தாது.

அதனால் ஆர்க்கிட்டை நிறைய ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் கரித்துண்டு, உடைத்த செங்கல் போட்டு நடுங்க. இலைச் செடிக்குத் தனித் தொட்டி. ஒரு பிரம்புக் கூடைக்குள் இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ஒன்றாக நட்ட மாதிரியே தெரியும். ஆர்க்கிட்டின் வேர் வெள்ளியாக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கு, விட்டுடுங்க.

பின்னணிக்கு லூடிசியா நல்ல தேர்வு. அதுவும் ஆர்க்கிட்தான், ஆனா கரும் வெல்வெட் இலையில் ஓடும் செம்பு நிறக் கோடுகளுக்காகவே வளர்க்கிறாங்க. பறவைக்கூடுப் பெரணியும் எடுப்பாக இருக்கும். மலாயில் அதற்குப் பாக்கு லங்சுயார் என்று பெயர், லங்சுயார் பேய் தங்கும் செடியாம்! பூனை வளர்க்கிறவங்க மட்டும் மணிபிளாண்டைத் தவிர்க்கணும், அதன் இலையைக் கடித்தால் வாய் எரியும்.

எதை வாங்கலாம்?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில மலரான டென்ட்ரோபியம் பிகிபமின் குட்டைக் கலப்பினங்கள் நம்ம சூட்டுக்குப் பழகியவை. சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்க. கேமரன் மலையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் நோபிலே வகைக்குக் குளிர்காலம் வேணும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது பூவுக்குப் பதிலா குட்டிச் செடிகளைத்தான் போடும்.

காலை வெயில் படும் இடம் நல்லது. இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதலைன்னு அர்த்தம். இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டிடாதீங்க. உணவைச் சேமித்து வைத்திருப்பது அதுதான், சில நேரம் அதிலிருந்தே பூக்கும்.

பூத்த செடியைச் சாமி மேடைப் பக்கம் வைக்கிறது நம்ம வழக்கம். பழுத்த வாழைப்பழமும் ஊதுபத்திப் புகையும் எத்திலீன் வாயுவை வெளியிடும், அது பட்டால் மொட்டும் பூவும் சீக்கிரம் உதிரும். கொஞ்சம் தள்ளியே வைங்க.

பால்கனியில் இரண்டு ஆபத்து

முதலாவது, தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. தட்டே வேண்டாம், வேணும்னா வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்க, முட்டை தண்ணீர் இல்லாமலும் ஒட்டிக்கிட்டு உயிரோடிருக்கும்.

இரண்டாவது, கைப்பிடிச் சுவர். 2018 ஜனவரியில் கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றிலிருந்து விழுந்த நாற்காலி, கீழே நடந்து வந்த 15 வயது மாணவரின் உயிரைப் பறித்தது. தொட்டியைக் கம்பிக்கு உள்பக்கம்தான் கட்டணும்.

சாலையோர மரத்திலிருந்து பிய்த்து எடுக்கலாமா?

வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்ஸ் எனும் அனைத்துலக வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கு. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அமல்படுத்துது. கோலாலம்பூர் சாலையோர மரங்களில் தானாக வளரும் வெள்ளை நிறப் புறா ஆர்க்கிட்டும் டென்ட்ரோபியம்தான். திடீர் மழையில் வெப்பம் சட்டெனக் குறைந்தால், சுமார் ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரம் முழுவதும் ஒரே நாளில் பூக்கும். அன்று மாலைக்குள் வாடிவிடும். பெரிய மழை பெய்ததும் தேதியைக் குறித்து வைங்க, ஒன்பதாம் நாள் காலையில் அண்ணாந்து பாருங்க.