பாட்டு இருந்த இடம் நோயாளியின் பக்கம்

இன்ன ராகம் சர்க்கரை நோய்க்கு, இன்ன ராகம் ரத்தக் கொதிப்புக்கு என்று பட்டியல் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. ‘நம் முன்னோர் கண்ட இசை மருத்துவம்’ என்ற சான்றிதழும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. முன்னோர் நோய்ப்படுக்கைக்கு இசையைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அதற்குரிய சான்றுகளைப் படித்துப் பார்த்தால் அவை சொல்லும் செய்தி வேறு. அவர்கள் பாட்டை மருந்தின் இடத்தில் வைக்கவில்லை; நோயாளியின் அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் செய்யும் பணிகளில் ஒன்றாக வைத்தார்கள்.

புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில், போரில் புண்பட்டவன் கிடக்கிறான். இரவந்தழையும் வேப்பிலையும் செருகி, யாழும் பல கருவிகளும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, மனையெங்கும் நறும்புகை எழுப்பி அவனைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். 296ஆம் பாட்டிலும் இதே வேம்பு, இதே காஞ்சி, இதே கடுகுப் புகை. அங்கே எல்லா வீடுகளிலும் இந்த ஆரவாரம். மலைபடுகடாமோ, புலி பாய்ந்து கணவன் மார்பில் உண்டான புண் ஆறுவதற்காகக் குறிஞ்சி நிலப் பெண்கள் பாடுவதை, மலைவழியே போகிறவர்கள் காதில் விழும் பல ஒலிகளில் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறது. அவ்வளவு இயல்பான வழக்கம் அது. புறநானூற்றின் இரண்டு இடங்களிலும் பாட்டு நடப்பது வீட்டில். மூன்றிலும் பாடுகிறவர்கள் புண்பட்டவனுக்கு வேண்டியவர்கள். அதே காலத்தில் புண்ணைத் தைக்கும் ஊசியும் இருந்தது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையைப் போல் தசையில் புகுந்து வெளிவரும் நெடிய வெள்ளூசியையும், அது தைத்த வடு நிறைந்த மார்பையும் பாடுகிறார். ஊசி செய்யவேண்டியதைப் பாட்டு செய்யும் என்று அவர்கள் நம்பியிருந்தால் ஊசிக்கு அங்கே வேலையில்லை.

அது பேயை விரட்டும் சடங்கு, அதில் இசைக்கு என்ன பங்கு என்று ஒருவர் கேட்கலாம். பேய்க்கு அஞ்சியே புண்பட்டவனை மனைவி காத்தாள் என்று தொல்காப்பியமும் சொல்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த அச்சத்தின் பயனாக வீட்டில் விழித்திருப்பவர் இருந்தார், வலியோடு கிடந்தவன் தனித்து விடப்படவில்லை. சங்கப் புலவர்கள் எதையும் கேள்வியின்றி ஏற்றவர்களும் அல்லர். மகள் மெலிவதைக் கண்ட தாய், வேலன் என்னும் பூசாரியை அழைத்து வெறியாட்டு நடத்தும்போது, இவள் நோய்க்குக் காரணம் வேறு, இந்த ஆட்டத்தால் அது தீராது என்று அகப்பாடல்களில் தோழியும் தலைவியும் உணர்த்துகிறார்கள். காரணம் தெரியாமல் செய்யும் பரிகாரம் வீண் என்ற தெளிவு அன்றே இருந்தது.

பாட்டு பணிவிடைகளில் ஒன்று என்பதை வடமொழி மருத்துவ நூலும் உறுதிசெய்கிறது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 15ஆம் அத்தியாயம் மருத்துவமனையில் என்னென்ன வேண்டும் என்று வகுக்கும்போது, பாடவும் வாத்தியம் வாசிக்கவும் கதை சொல்லவும் வல்லவர்களையும் கேட்கிறது. அவர்கள் இடம்பெறுவது மருந்துச் சரக்குகளோடு அல்ல; சமைப்பவர், குளிப்பாட்டுபவர், உடம்பு பிடித்துவிடுபவர் ஆகிய பணியாளர்களோடு. திருக்குறளின் 950ஆம் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை நான்காக்குகிறது. பாட்டு இந்த நான்காவது பங்கைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

பதிகம் பாடி நோய் தீர்ந்த வரலாறுகள் இல்லையா? உண்டு. கொல்லிமழவன் மகளின் முயலக நோய் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகத்தால் நீங்கியதாகப் பெரியபுராணம் கூறும். நம்பிக்கையை எடைபோடுவது வரலாற்றின் வேலையல்ல. வேறு சில வரலாறுகளில் நோயுற்றவரே பாடியதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. சூலை நோயின் வேதனையில்தான் அப்பர் திருவதிகையில் முதல் பதிகம் பாடினார். திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது பார்வை இழந்த சுந்தரருக்கு ஒரே பாட்டில் அது திரும்பவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொன்று. ஆரூரில் அவர் பாடியது பணிவான வேண்டுதலும் அல்ல. உரிமையோடு இறைவனிடம் தொடுத்த சண்டை. நீண்ட நாள் நோயில் கிடப்பவரின் கோபத்தைத் தாங்கும் இடமாகப் பாட்டு இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. முத்துசுவாமி தீட்சிதர், வயிற்றுவலியால் வருந்திய சீடர் தம்பியப்பனுக்காகப் பிரகஸ்பதி மீது அடாணாவில் கீர்த்தனை இயற்றினார் என்பது செவிவழிக் கதை. அந்தக் கதையிலும் நோயாளிதான் பாடவேண்டியிருந்தது.

சித்த மருத்துவமும் இசை ஆராய்ச்சியும் ஒருவரிடமே கூடியிருந்த அண்மைக் காலச் சான்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வெளிவந்த அவரது ‘கருணாமிர்த சாகரம்’ பெரிதும் சுருதிக் கணக்கை ஆராய்வதே; நோய்க்கு ராகம் வகுப்பது அதன் நோக்கமல்ல. இன்றைய ஆய்வுகளும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்திருக்கின்றன. புற்றுநோயாளிகளிடம் இசை பதற்றத்தையும் வலியையும் சோர்வையும் ஓரளவு குறைப்பதாக அவை சொல்கின்றன. கட்டியைக் கரைப்பதாகச் சொல்லவில்லை. பதற்றமும் சோர்வும் குறைவது சிறிய பயன் அல்ல. ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ்பவருக்கு நாள்தோறும் தேவைப்படுவது அதுதான்.

ராகப் பட்டியல் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தமிழ் மரபின் பெயரைச் சொல்லி எவருடைய மாத்திரையையும் நிறுத்தச் செய்யாதீர்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மருந்தை வேளைக்குக் கொடுங்கள். அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அவரையே கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள், முடிந்தால் அவரையும் பாடச் சொல்லுங்கள்.