பதினாறு நிறத்தில் ஒரு காடு: அட்வெஞ்சர் கேம் பின்னணிப் படங்களின் கதை

அட்வெஞ்சர் கேம் என்று ஒரு வகை உண்டு. துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் எதுவும் இருக்காது. ஒரு காட்டிலோ கோட்டையிலோ நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே கிடக்கும் சாவியை எடுக்க வேண்டும், யாரிடமாவது பேச்சுக் கொடுக்க வேண்டும், பூட்டிய கதவைத் திறக்க வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காடும் கோட்டையும்தான் பின்னணிப் படம். விடை தெரியாமல் ஒரே படத்தை அரைமணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்பதால், இந்த கேம்களின் பாதி உயிர் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு படத்தை வரைபவரிடம் கம்ப்யூட்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிறம்?" என்பதுதான். 1980 முதல் 2000 வரை அந்தக் கேள்விக்கு யார் யார் என்ன பதில் சொன்னார்கள், அதனால் எந்தப் படம் பிழைத்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க எத்தனை பிட் ஒதுக்குகிறோமோ, அதுதான் நிற ஆழம். 2 பிட் என்றால் 4 நிறம். 4 பிட் என்றால் 16. 8 பிட் என்றால் 256. 16 பிட் என்றால் 65,536. 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல்.

அந்தக் காலத்து கேம்களின் திரை பெரும்பாலும் 320க்கு 200, அதாவது 64,000 புள்ளிகள். 16 நிறத்தில் ஒரு படம் 32,000 பைட். இன்றைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 360 கிலோபைட் ஃபிளாப்பியில் இப்படி 11 படம் வைத்தாலே தட்டு நிரம்பிவிடும். கேமை எங்கே வைப்பது?

படத்துக்குப் பதில் செய்முறை

1980இல் அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் தம்பதி ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற கேமை வெளியிட்டார்கள். அதற்கு முன் அட்வெஞ்சர் கேம் என்றால் வெறும் எழுத்துதான். இதில் படம் வந்தது, ஆனால் கோட்டுச் சித்திரம் மட்டும். படத்தின் புள்ளிகளைச் சேமிக்காமல், "இங்கிருந்து அங்கே கோடு போடு" என்ற கட்டளைகளை மட்டும் சேமித்து வைத்தார்கள். சாம்பாரை டப்பாவில் அனுப்பாமல் செய்முறையை எழுதி அனுப்புவது மாதிரி!

1984இல் அவர்களது சியரா நிறுவனம் ஐபிஎம் பிசி ஜூனியருக்காக 'கிங்ஸ் க்வெஸ்ட்' கேமைக் கொண்டுவந்தது. இதில் 16 நிறம். அப்போதும் அதே உத்திதான். கோடு போடு, இந்த இடத்தில் பச்சையை நிரப்பு, அந்த இடத்தில் நீலத்தை நிரப்பு. இடம் மிச்சமானது. ஆனால் மரத்தின் பச்சையும் புல்லின் பச்சையும் ஒரே பச்சையாகத்தான் இருந்தன.

மயில்கழுத்துப் பட்டு

அடுத்து வந்தது இஜிஏ காலம். 320க்கு 200 திரையில் இதற்கும் 16 நிறம்தான், அதுவும் ஐபிஎம் முன்பே முடிவு செய்து வைத்த 16. பளீரென்ற பச்சை உண்டு, பளீரென்ற ரோஸ் உண்டு. மனிதத் தோலின் நிறம் கிடையாது. மாலை வானத்தின் நிறம் கிடையாது.

இங்கேதான் மார்க் ஃபெராரி வருகிறார். லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990இல் வெளியிட்ட 'லூம்' கேமுக்குப் பின்னணி வரைந்தவர். இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றிப் பக்கத்தில் வைத்தால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும். இதற்கு டித்தரிங் என்று பெயர். நமக்கு இது புதிதில்லை. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையை நூல் பிரித்துப் பார்த்தால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூலும் இருக்காது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், அவ்வளவுதான்!

ஆனால் ஆரம்பத்தில் டித்தரிங்குக்கு அலுவலகத்தில் தடை இருந்தது என்று ஃபெராரியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காரணம் மறுபடியும் ஃபிளாப்பிதான். ஒரே நீலம் வரிசையாக 200 புள்ளி வந்தால் "நீலம், 200 முறை" என்று சுருக்கி எழுதிவிடலாம். நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு என்று வந்தால் அப்படிச் சுருக்க முடியாது. பிறகு நிரலாளர்கள் அதையும் சுருக்க வழி கண்டுபிடித்தார்கள். அதனால்தான் லூமின் இரவுக் காடு நமக்குக் கிடைத்தது.

256 வந்தது, பங்குச் சண்டையும் வந்தது

1987இல் ஐபிஎம் விஜிஏவை அறிமுகப்படுத்தியது. 2,62,144 நிறங்களிலிருந்து நமக்கு வேண்டிய 256ஐப் பொறுக்கி எடுத்து ஒரே சமயத்தில் திரையில் காட்டலாம். அந்த 256இன் பட்டியலுக்கு பேலட் என்று பெயர். படத்தில் இருப்பது வெறும் எண்கள். 57ஆம் எண் என்ன நிறம் என்று சொல்வது பேலட். பேலட் மாறினால் கதாநாயகன் முகம் பச்சையாகிவிடும்.

இதனால் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. கதாநாயகன் எல்லாக் காட்சியிலும் வருவான், ஆகவே அவன் நிறங்கள் எங்கேயும் மாறக்கூடாது. பட்டன், எழுத்து ஆகியவற்றுக்கும் நிறம் வேண்டும். மிச்சம் இருப்பதுதான் பின்னணிக்கு. விண்டோஸில் 256 நிறத்தில் ஓடும் கேம் என்றால் 20 நிறத்தை விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

1990இல் வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட் 5' கேமுக்குக் காகிதத்தில் தூரிகையால் வரைந்து, ஸ்கேன் செய்தார்கள். காகிதத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான நிறங்களை 256க்குள் அடக்குவது எப்படி? அதற்கான கணிதம் முன்பே தயாராக இருந்தது. 1982இல் பால் ஹெக்பர்ட் வெளியிட்ட 'மீடியன் கட்' அவற்றில் ஒன்று. படத்தின் எல்லா நிறங்களையும் ஒரே பெட்டியில் போடு. இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள் வரும்படி பிரி. பிரித்ததை மறுபடி பிரி. இப்படி 8 சுற்றில் 256 பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சராசரி நிறம். இன்னொன்று, 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பர்க்கும் வெளியிட்ட முறை. ஒரு புள்ளியில் சரியான நிறம் கிடைக்காமல் விட்டுப்போன வித்தியாசத்தைப் பக்கத்துப் புள்ளிகளின் கணக்கில் சேர்த்துவிடும். சில்லறை இல்லாத மளிகைக்கடைக்காரர் "அடுத்த தடவை கழிச்சுக்கலாம்" என்று சொல்வதைப் போல.

இதில் ஒரு ஆபத்து உண்டு. மீடியன் கட் புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் மதிக்கும். பச்சைக் காட்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால், அதற்கு 30 புள்ளிதான் இருக்கும். பெரும்பான்மைப் பச்சைக்குப் பெட்டிகள் போய், சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடலாம். அட்வெஞ்சர் கேமில் அந்த விளக்குதான் துப்பு என்றால்? விளையாடுபவர் கண்ணில் படவே படாது. எது முக்கியம் என்பது கணக்குக்குத் தெரியாது, வரைந்தவருக்குத்தான் தெரியும். அதனால் கணக்கு முடித்துக் கொடுத்ததை ஓவியர் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியிருந்தது.

மூலம் வைத்திருந்தவர் பிழைத்தார்

1993இல் வந்த 'மிஸ்ட்' கேமை ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் உருவாக்கினார்கள். சுமார் 2,500 படங்கள், எல்லாம் முப்பரிமாண மென்பொருளில் 24 பிட்டில் உருவானவை. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக அவற்றை 8 பிட்டாகக் குறைத்தார்கள். இதில் திரையில் நடக்கும் கதாநாயகன் கிடையாது, நம் கண்தான் கதாநாயகன். பங்குச் சண்டை குறைவு என்பதால் படத்துக்குப் படம் தனி பேலட் கொடுக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் 'மாஸ்டர்பீஸ் எடிஷன்' வந்தபோது அதே காட்சிகள் 24 பிட் நிறத்தில் வந்தன. மூலம் முழு நிறத்தில் உருவானது, குறைத்தது பிரதியை மட்டும் என்பதால்தான் இது முடிந்தது.

திரும்பிப் போக மூலமே இல்லாத கேம்களும் உண்டு. 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' 1990இல் முதலில் 16 நிறத்திலும் அடுத்து 256 நிறத்திலும் வந்தது. 320க்கு 200 புள்ளிகளுக்காகவே தயாரித்த படங்கள் அவை. 2009இல் சிறப்புப் பதிப்பு போட்டபோது பின்னணிகளைப் புதிதாகத்தான் வரைய வேண்டியிருந்தது. ஒரு விசையை அழுத்தினால் பழைய படம் தெரியும் வசதியும் அதில் இருந்தது.

அப்படியென்றால் குறைந்த நிறத்தில் வரைந்தவர்கள் தோற்றார்களா? லூமைப் பாருங்கள். அதற்கும் பிறகு 256 நிறப் பதிப்பு வந்தது. இருந்தும் 16 நிற லூம்தான் அழகு என்று இன்றும் வாதாடும் ரசிகர்கள் நிறைய. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்தப் படத்தில் எதையும் யாரும் வெட்டவில்லை. 16க்குள் யோசித்து, 16க்குள் முடித்த படம் அது.

ஆக, வழிகள் இரண்டு. எல்லையைத் தெரிந்துகொண்டு அதற்குள்ளேயே வரைவது ஒன்று. முழு நிறத்தில் வரைந்து, மூலத்தைப் பத்திரப்படுத்தி, பிரதியைக் குறைப்பது மற்றொன்று. முழு நிறத்தில் வரைந்து, குறைத்து, மூலத்தைத் தொலைப்பதுதான் நஷ்டம்.

1997இல் கிறிஸ் ஜோன்ஸ் தொடங்கிய 'அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருளால் நம்மைப் போன்ற மாணவர்களும் வீட்டிலிருந்தே இப்படி கேம் செய்ய முடிந்தது. அதிலும் கேமுக்கு எத்தனை நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். 16 பிட் போதும் என்று நினைத்தால், அதில் நீலத்துக்கு 32 படிகள்தான். ஒரு பெரிய வானம் வரைந்தால் பட்டை பட்டையாகத் தெரியும். 256 நிறப் படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் பேலட்டே போய்விடும். பிஎன்ஜி அல்லது பிட்மேப்பில் வையுங்கள்.

கேம் செய்ய ஆசையுள்ள நண்பர்களே, தூரிகையை எடுக்கும் முன் நிறத்தை எண்ணுங்கள். குறைப்பதாக இருந்தால் பிரதியைக் குறையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் காட்டைத் திரும்பப் பார்க்க யாராவது வரலாம்.