வராதீர்கள் என்ற நகரசபை

1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்களில் சுமார் 28,000 பேர் பிரிட்டன் சென்றனர்.

அப்போது லெஸ்டர் நகரசபை என்ன செய்தது தெரியுமா? செப்டம்பரில் 'உகாண்டா ஆர்கஸ்' நாளிதழில் காசு கொடுத்து ஒரு விளம்பரம் போட்டது. வீட்டுக்குப் பலர் காத்திருக்கிறார்கள், பள்ளிகளில் இடமில்லை, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்பதே அதன் சாரம். அந்த நெருக்கடி பொய்யல்ல.

ஆனால் சொந்தபந்தங்கள் அங்கே இருந்ததால் ஆயிரக்கணக்கானோர் லெஸ்டருக்கே வந்தனர். தொழில் தொடங்கினர். பெல்கிரேவ் சாலை சேலைக் கடைகளும் நகைக் கடைகளுமாக மாறியது. 1980களில் அதே சாலையில் நகரசபையே தீபாவளி விளக்குகள் போட்டது.

அகதிகளைச் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதினால் கணக்கு தப்பாகத்தான் வரும்.