புழைக்கடையும் அண்டை வீடும்: பெங்களூருவில் கட்டட அனுமதியின் வரலாறு

முன்னுரை

வீட்டின் பின்புறத்தைத் தமிழர் கொல்லை என்றும் புழைக்கடை என்றும் வழங்குவர். புழை என்பது சிறிய திறப்பு. கடை என்பது வாயில். பின்புற நிலத்தின் பரப்பைக் குறியாது, அங்குச் சென்று வரும் குறுகிய வழியைக் குறித்துப் பிறந்த சொல் இது. வழி என்பது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. காற்றும் வெளிச்சமும் நீரும் ஆளும் கடந்து செல்லும் இடம் அது. அவ்விடத்தில் ஒருவர் தகரக் கொட்டகை வேய்ந்தாலோ, வாடகைக்கு விட ஓர் அறை எழுப்பினாலோ, மாடிப்படியை எல்லைச் சுவரின்மேல் ஏற்றினாலோ, அண்டை வீட்டார் மனக்குறை கொள்வது இயல்பு.

பெங்களூருவில் இத்தகைய மனக்குறைகள் மாநகராட்சி அலுவலகத்திற்கும், நகர உரிமையியல் நீதிமன்றத்திற்கும், உயர் நீதிமன்றத்திற்கும் சென்ற வண்ணம் உள்ளன. இவற்றை அண்டை வீட்டாரின் பொறாமையால் விளைந்த பூசல்கள் என்று ஒதுக்கும் போக்குப் பரவலாகக் காணப்படுகிறது. இரு வீடுகளுக்கு இடையே விடப்படும் திறந்த வெளி எவ்வாறு பொதுநலனுக்காகத் தோன்றியது, எவ்வாறு தனியார் பூசலாகச் சுருங்கியது, பின்னர் எவ்வாறு பணம் செலுத்தித் தீர்க்கத்தக்க குற்றமாக மாறியது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணையாக இருந்த அனுமதி

வீடு கட்ட அனுமதி பெறுதல் ஆங்கிலேயர் ஆட்சியில் புதிதாகத் தோன்றிய வழக்கமன்று. இடைக்காலத் தமிழகத்தில் வீட்டின் தோற்றமே ஆணைக்கு உட்பட்டிருந்தது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில், கொடையாகப் பெற்ற ஊரில் உள்ளோர் சுட்ட செங்கலால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் பெற்ற சலுகைகளுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. கொங்கு நாட்டில் கோனேரின்மைகொண்டான் பெயரால் அமைந்த கல்வெட்டொன்று, கம்மாளர்கள் தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. இரட்டைச் சங்கு ஊதுதல், காலணி அணிதல் ஆகியவற்றோடு சேர்த்து இவ்வுரிமை தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. சாந்து பூசிய சுவர் அன்று தகுதியின் அடையாளமாக விளங்கியது என்பது இதனால் புலனாகிறது.

இன்றைய பெங்களூரு அமைந்துள்ள நிலப்பகுதியும் தமிழ்க் கல்வெட்டு மரபுக்குப் புறம்பானதன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கொடை நிலத்திற்கு நான்கெல்லை வகுத்துக் கூறுவது தமிழ்க் கல்வெட்டுகளில் பெருவழக்கு. எனினும் பழைய ஆணைகளில் அனுமதி, கட்டுபவருக்கும் அதனை வழங்கும் அரசனுக்கும் இடைப்பட்ட செய்தியாகவே அமைந்தது. யார் எவ்வகை வீடு கட்டலாம் என்பதே அங்கு வினா. அண்டை வீட்டாருக்கு அதில் இடமில்லை.

அண்டை வீட்டாருக்கு இடமளித்த மரபை வேறு நூல்களில் காண்கிறோம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மூன்றாம் அதிகாரத்தில், வீடுகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி, பிறர் வீட்டை நோக்கும் சாளரம், கழிவுநீர் செல்லும் வழி ஆகியவற்றிற்கு விதி வகுக்கிறது. மீறியோர்க்குத் தண்டமும் கூறுகிறது. அண்டை வீட்டார் தமக்குள் உடன்பட்டு விரும்பியவாறு கட்டிக்கொள்ளலாம், ஆயினும் தீங்கு விளைவிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. உரோமானியச் சட்டத்திலும் அண்டை வீட்டார் புதிய கட்டுமானத்தை மறுத்து அறிவிப்புக் கொடுத்து வேலையை நிறுத்தச் செய்யும் முறை இருந்தது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்கு வழங்கிய சுவடியிலிருந்தே ஆர். சாமாசாத்திரி அர்த்தசாத்திரத்தை 1909இல் பதிப்பித்தார். பெங்களூருவில் புதிய குடியிருப்புகள் உருவாகிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

கொள்ளைநோயும் பின்சந்தும்

அக்குடியிருப்புகளைத் தோற்றுவித்தது 1898இல் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோயாகும். அந்நாளில் நகரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கெம்பேகௌடர் நிறுவிய பேட்டை மைசூர் அரசின்கீழ் இருந்தது. 1809இல் அமைந்த படைக்குடியிருப்பாகிய தண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. படையோடும் வணிகத்தோடும் கூலி வேலையோடும் வந்த தமிழர் அல்சூர், இன்றைய சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் நெருங்கி வாழ்ந்தனர். பேட்டையிலும் தண்டின் கடைத்தெருப் பகுதிகளிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. காற்றும் வெயிலும் புகாத வீடே நோயின் இருப்பிடம் என்று அக்கால அலுவலர் கருதினர்.

இக்கருத்தின் விளைவாகப் பசவனகுடியும் மல்லேசுவரமும் விரைந்து உருப்பெற்றன. தண்டுப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பிரேசர் டவுன் அமைக்கப்பட்டது. அகன்ற தெரு, வரையறுத்த மனை, வீட்டைச் சுற்றித் திறந்த வெளி ஆகியன இவற்றின் பொது இயல்புகள். வீடுகளின் பின்புறத்தில், இரு வரிசைகளுக்கும் நடுவே, துப்புரவுப் பணியாளர் வந்து செல்வதற்கெனச் சந்துகள் விடப்பட்டன. இவை கன்சர்வன்சி சந்துகள் என்று வழங்கின. கழிவகற்றும் மனிதர் முன்வாயிலில் தென்படலாகாது என்ற சாதிய நோக்கும் இச்சந்துகளில் அடங்கியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், எந்த ஒரு வீட்டாருக்கும் தனியே உரிமையில்லாத இடம் ஒவ்வொரு வீட்டின் புழைக்கடையையும் தொட்டுச் சென்றது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் வந்தபின் இச்சந்துகளின் பழைய பயன் மறைந்தது. பயன் மறைந்ததும் உரிமையும் மறைந்ததாகப் பலர் கருதினர். சிலவிடங்களில் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் சந்துக்குள் நீண்டன. சிலவிடங்களில் வாகனக் கொட்டகைகள் எழுந்தன. நகரின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்ந்த ஜானகி நாயரின் நூல் (2005), திட்டமிட்ட நகரத்திற்கும் மக்கள் கட்டிக்கொண்ட நகரத்திற்கும் இடையிலான முரணை விரிவாக எடுத்துரைக்கிறது. அம்முரணின் மிகச்சிறிய வடிவம் இப்பின்சந்து எனலாம்.

சட்டத்தின் அமைப்பு

1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் கட்டட அனுமதிக்குரிய நெறிகளை வகுத்தது. கட்ட விரும்புவோர் வரைபடத்துடன் விண்ணப்பித்து அனுமதி பெறல் வேண்டும். அனுமதியின்றியோ அதற்கு மாறாகவோ கட்டினால், அச்சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி முதலில் தற்காலிக ஆணையும், விளக்கம் கேட்கும் அறிவிப்பும், பின்னர் உறுதி ஆணையும் பிறப்பிக்கப்படும். அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். 2003இல் வெளியான கட்டடத் துணை விதிகள், கட்டும்போது நேரும் மாறுதலை ஐந்து விழுக்காடு வரை ஏற்றுக்கொள்ள இடமளித்தன. 2020ஆம் ஆண்டின் பெருநகர பெங்களூரு மாநகராட்சிச் சட்டமும் இதே படிநிலைகளைப் பெரிதும் பின்பற்றியது.

ஏட்டளவில் இவ்வமைப்பு முறையாகவே தோன்றுகிறது. நடைமுறையில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, காலம். தற்காலிக ஆணைக்கும் உறுதி ஆணைக்கும் மேல்முறையீட்டுக்கும் இடையில் கட்டடம் எழுந்து முடிந்துவிடுகிறது, குடியிருப்போரும் வந்துவிடுகின்றனர். எழும்போது நிறுத்துவது எளிது. எழுந்தபின் இடிப்பது அரிது. இரண்டாவது, மனையின் அளவு. பெங்களூருவில் பெருவழக்காக உள்ள மனை 30 அடிக்கு 40 அடி, அதாவது 1200 சதுர அடி. சென்னையில் அரை கிரவுண்டு எனப்படும் அளவு. 20 அடிக்கு 30 அடி மனைகளும் மிகப்பல. பங்களா வீடுகளை மனத்திற்கொண்டு பிறந்த திறந்தவெளி விதி, இத்தகைய சிறுமனையில் ஓர் அறையையே விழுங்கிவிடுகிறது. மூன்றாவது, அரசின் இரட்டை நிலை. முறையான ஒப்புதல் பெறாத மனைகளைத் தனிப் பதிவேட்டில் எழுதி அவற்றிற்கும் சொத்துவரி பெறப்பட்டது. ‘பி காத்தா’ என்று மக்கள் வழங்குவது இதுவே. வரி செலுத்திய சீட்டைக் கையில் வைத்திருப்பவர், தம் வீடு முறையற்றது என்பதை எங்ஙனம் ஏற்பார்?

ஆகவே, விதியைச் செயற்படுத்தும் பணி அலுவலரிடமிருந்து நழுவி அண்டை வீட்டாரின் முறையீட்டைச் சார்ந்து நிற்கலாயிற்று. முறையீடு வந்தால் அறிவிப்பு எழும். வாராவிடில் கட்டடம் எழும். இந்நிலை அண்டை வீட்டாரைப் பகைவராக்குகிறது. முறையிட்டவரின் வீட்டிலும் விதிமீறல் உண்டு என்று எதிர்த்தரப்பார் பதிலுரைப்பது இவ்வழக்குகளில் பழகிய வாதம். அவ்வாதம் பலவேளைகளில் உண்மையாகவும் இருப்பதுதான் இதன் அவலம்.

அண்டை வீட்டாரின் உரிமை

முறையிடுவோருக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு விடையளித்த தீர்ப்பு கர்நாடகத்திலேயே பிறந்தது. உடுப்பியில் குடியிருப்புப் பகுதி ஒன்றில் திருமண மண்டபமாகவும் சொற்பொழிவு மண்டபமாகவும் கட்ட அனுமதி பெற்ற கட்டடத்தைத் திரையரங்காக மாற்ற நகராட்சி இசைவளித்தது. அப்பகுதிவாசி ஒருவர் அதனை எதிர்த்தார். 1974இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நகரமைப்புத் திட்டத்தைக் காப்பது நகராட்சியின் கடமை. அக்கடமையை மீறி வழங்கிய அனுமதி, அப்பகுதியில் வாழ்வோர் தம் உடைமையைத் துய்க்கும் உரிமையைப் பாதிக்கிறது. எனவே கடமையைச் செய்யுமாறு கோர அவர்களுக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இதன் சிறப்பை உணர, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அச்சட்டத்தின்படி, ஒரு வீட்டுக்கு வரும் ஒளியும் காற்றும் இருபது ஆண்டுகள் தடையின்றித் துய்க்கப்பட்டிருந்தால்தான் அவற்றின்மேல் உரிமை பிறக்கும். அது தனியொருவர் ஈட்டிய உரிமை. 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டுவது வேறொன்று. அண்டை வீட்டார் தமக்கென ஈட்டிய காற்றை மட்டும் கேட்கவில்லை. ஊர் முழுமைக்கும் வகுத்த விதியைக் காக்கக் கேட்கின்றனர். முறையீடு பூசல் என்னும் நிலையிலிருந்து குடிமைச் செயல் என்னும் நிலைக்கு இங்கு உயர்கிறது.

அக்கிரமமும் சக்கிரமமும்

இவ்வுயர்வைக் குலைத்தது முறைப்படுத்தும் திட்டமாகும். கர்நாடகத்தில் இதற்கு ‘அக்கிரம-சக்கிரம’ என்று பெயர். கன்னடத்தில் அக்கிரம என்பது முறையற்றது. சக்கிரம என்பது முறையுடையது. கிரமம் என்னும் வடசொல்லடியாகப் பிறந்த இச்சொல் தமிழில் அக்கிரமம் என வழங்கும்போது கொடுமை, அநீதி என்னும் பொருளையே முதன்மையாகத் தருகிறது. திட்டத்தின் பெயரைக் கேட்கும் தமிழர் செவியில், ஆட்சியாளர் கருதாத வேறொரு பொருளும் ஒலிக்கிறது.

கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டத்தில் 2007 முதல் செய்யப்பட்ட திருத்தங்களும் 2014இல் வந்த விதிகளும், குடியிருப்புக் கட்டடங்களில் 50 விழுக்காடு வரையும் பிற கட்டடங்களில் 25 விழுக்காடு வரையும் உள்ள மீறல்களைக் கட்டணம் பெற்று ஏற்க வழிசெய்தன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இத்திட்டத்தை ஏற்றது. 2017 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தமிழகத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1998இல் நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருமுறை நடவடிக்கை என்ற அளவில் உச்ச நீதிமன்றம் அதனை 2000இல் ஏற்றது. பின்னர் 113-இ பிரிவும் வந்தது. ஒருமுறை என்றது மறுமுறைக்கும் வழிகாட்டியது.

முறைப்படுத்தும் கட்டணத்தில் உள்ள அடிப்படைக் குறை யாதெனில், இழந்தவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்பதாகும். வெளிச்சத்தை இழந்தவர் அண்டை வீட்டார். கட்டணம் சேர்வது அரசின் கருவூலத்தில். கொள்ளைநோயின் பாடமாகப் பிறந்த திறந்த வெளி, விலைக்குரிய பண்டமாகிவிடுகிறது.

நிறைவுரை

2024 அக்டோபரில் பெங்களூரு பாபுசாபாளையத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த விதிமீறிய அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். விதிமீறல் இடைவெளிக் கணக்கு மட்டுமன்று என்பதை அது உணர்த்திற்று. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடியேற்றச் சான்று பெறாத கட்டடங்களுக்கு மின்சாரம், குடிநீர் முதலிய இணைப்புகள் வழங்கலாகாது என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. இதனால் சிறுவீட்டார் பலர் இணைப்பின்றி இடர்ப்பட்டனர். 2025இல் மாநில அரசு 1200 சதுர அடி வரையிலான மனைகளில் எழும் சிறு வீடுகளுக்கு அச்சான்றிலிருந்து விலக்களித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது.

விலக்கின் பின்னுள்ள இரக்கம் மறுக்கத்தக்கதன்று. எனினும் 30 அடிக்கு 40 அடி மனையே சுவரும் சுவரும் மிக நெருங்கி நிற்கும் இடம். அங்கு அரசின் இறுதிச் சோதனை நீங்கியது. இனி அவ்விடைவெளிக்குக் காவல், பெரும்பாலும் பக்கத்துச் சாளரத்திலிருந்து நோக்கும் கண்களே. சிறுமனைக்கு ஏற்ற எளிய விதியை வகுப்பதும், கட்டடம் எழும் காலத்திலேயே முறையீட்டைக் கேட்டு முடிப்பதும், முறையிட்டவரைப் பகைவராக்காமல் காப்பதும் புதிய ஐந்து மாநகராட்சிகளின் முன்னுள்ள பணிகளாகும்.

பழைய ஆணைகள் அண்டை வீட்டாரை நினைக்கவில்லை. கொள்ளைநோய் நினைக்க வைத்தது. 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்குக் குரல் தந்தது. முறைப்படுத்தும் திட்டங்கள் அக்குரலைக் கட்டணமாக மாற்றின. புழைக்கடை என்னும் சொல் வழியைக் குறித்தது என்பதை மீண்டும் எண்ணிப் பார்த்தால், அவ்வழியை அடைப்பது யாருடைய இழப்பு என்னும் வினாவிற்கு விடை கிடைக்கும்.