லயத்து நாய்க்கு ஒரு ரொட்டி

நுவரெலியாவுக்கு வெள்ளைக்காரர் குடியேறிய கதையை யார் எழுதினாலும் ஒரு கப்பல் வந்துவிடும். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இந்தக் குளிர்மலையில் பண்ணை போட முடிவு செய்து, லண்டனில் இருந்து சாமான் ஏற்றினார். உழவுக் கருவிகள், விதைகள், மரம் அரியும் இயந்திரம், மாடு, செம்மறிக் கடாக்கள், ஒரு குதிரை. கூடவே ஒரு சிறு கூட்டம் வேட்டை நாய்கள். அதில் தனக்குப் பிடித்த நாயின் பேர் பிரான் என்றுகூட அவர் எழுதி வைத்திருக்கிறார்.

பேக்கர் நுவரெலியாக் காடுகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இந்த நாய்களை ஏவி மரை வேட்டையாடினார். 1854இல் அதையே ஒரு புத்தகமாகப் போட்டார். எந்த நாய் எப்படி ஓடும், எது எந்தக் காயத்தில் செத்தது, எதைச் சிறுத்தை தூக்கிப்போனது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. 1855இல் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளிக்கு நாம ட்ரிப் போய், வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிற நீர்வீழ்ச்சிக்கு அவர் பேர்தான்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம்ம ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பேர் என்ன என்று யாரும் இப்படி உட்கார்ந்து எழுதவில்லை. பிரானின் பேர் நமக்குத் தெரியும். அந்த மனிதர்கள் பலரின் பேர் தெரியாது. ஆகவே மலையகத்தில் நாயின் வரலாறு எழுதப் போனால், யாருடைய சாப்பாடு கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை என்ற வரலாறும் சேர்ந்தே வரும்.

சரி, நாய்க்கான பிஸ்கட் எங்கிருந்து வந்தது? 1860களின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் அதைக் கடைச்சரக்காக்கினார். இடிதாங்கி விற்க வந்தவர் அவர். துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கட்டை பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கட்டை பிஸ்கட் என்ன? மா, தண்ணீர், உப்பு. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் ஏழை மாலுமியின் சாப்பாடு. ஸ்ப்ராட் அதில் இறைச்சியும் பீட்ரூட்டும் சேர்த்து, வசதியானவர்களின் நாய்களுக்கு நல்ல விலைக்கு விற்றார். அவரிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் க்ரஃப்ட் 1891இல் தொடங்கியதுதான் இன்றும் பிரிட்டனில் நடக்கிற பெரிய நாய்க் கண்காட்சி.

லயத்து நாய்க்கு ஸ்ப்ராட்டைத் தெரியாது. அது தின்றது நாம் தின்றதில் மிச்சம். தொடக்கத்தில் அது சோறு. தோட்டம் அரிசியைக் கொடுத்து, சம்பளத்தில் அதைக் கழித்துக்கொண்ட காலம். பிறகு 1942இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனது. இலங்கை தின்ற இறக்குமதி அரிசியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. அரிசி பங்கீட்டுக்குள் போக, கோதுமை மா உள்ளே வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. விடியற்காலையில் மலைக்குப் போகிற வீட்டுக்கு ரொட்டி தோதாகவும் இருந்தது. குழைத்து, தட்டி, சுட்டு, சம்பலோடு துண்டில் முடிந்துகொண்டு போகலாம். அந்த ரொட்டியின் கருகிய ஓரந்தான் லயத்து நாயின் காலைச் சாப்பாடு.

இறைச்சி தின்கிற மிருகம் மாவைத் தின்று எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்கலாம். 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதற்கு ஒரு விடை தந்தார்கள். மாச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு படிதான் உண்டு. நாயிடம் நான்கில் இருந்து முப்பது வரை இருக்கிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் மிச்சத்தைச் செரிக்க முடிந்த நாய்கள் அவனோடு தங்கின. நம்ம வாசலில் படுத்திருப்பது அந்தப் பரம்பரைதான். அதுக்காக வெறும் மாவே போதும் என்று அர்த்தமில்லை. புரதமும் கொழுப்பும் அதுக்கும் வேணும்.

நமக்கே இல்லாத நாட்களும் வந்தன. 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத்தான் மிக மோசமாக அடித்தது. பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அந்த வருடங்களில் நாய் என்ன தின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஊகிக்க அவ்வளவு கஷ்டமில்லை.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பங்குபிரிப்பு. மலையில் இருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம்ம சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. கடவுச்சீட்டில் குடும்பத்தாரின் பேர் இருந்தது. நாயின் பேர் இருக்க வழியில்லை. காலியான காம்பரா வாசல்களில் எத்தனை நாய்கள் காத்துக் கிடந்திருக்கும் என்பதை எந்த ஒப்பந்தமும் எண்ணவில்லை. மனிதர்களையே தொகையாக எண்ணிய காகிதத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். 2022இல் மாவின் விலை எகிறியபோது பல வீடுகளில் ரொட்டியின் எண்ணிக்கை குறைந்தது. நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் நாய்க்கான பிஸ்கட் பக்கெட் அடுக்கி இருக்கிறது. அதன் விலையைப் பார்த்துவிட்டு, கொழுந்து கிலோவையும் நாட்சம்பளத்தையும் நினைத்தால் கை தானாகப் பின்னால் வரும். ஆனால் ஸ்ப்ராட்டின் சரக்கில் பாதி எப்பவுமே நம்ம அடுப்பில் இருந்ததுதான். மா, தண்ணீர், நெருப்பு. கொஞ்சம் திருத்தினால் நல்ல தீனியாகிவிடும்.

ஒரு கப் குரக்கன் மா எடுங்க. அரை கப் பூசணிக்காயை அவித்து, தண்ணியை வடித்து, மசித்துச் சேருங்க. முட்டை ஒன்று உடைத்து ஊற்றிப் பிசையுங்க. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா. உப்பு, சீனி, மிளகாய், வெங்காயம் எதுவும் வேண்டாம். ரொட்டி மாதிரி மெல்லிசாகத் தட்டி, பெருவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டி, தட்டில் சிறு நெருப்பில் இரண்டு பக்கமும் காயும்வரை சுடுங்க. அரை மணி நேர வேலை. பூசணி இல்லாட்டி நுவரெலியாக் கரட்டை அவித்துப் போடலாம். நம்ம மலைப்பக்க ஈரத்தில் எதுவும் முறுகலாக இருக்காது, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் முடிகிற அளவு மட்டும் செய்யுங்க. இது சாப்பாட்டுக்குப் பதில் இல்லை. ஒரு நாளைய தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

இனி வேண்டாத சாமான்கள். இதில் நம்ம ஊர்க்காரர் தெரிஞ்சுகொள்ள வேண்டியது நிறைய இருக்கு. மலையகத்தின் பேரைச் சொல்லி விற்கிற லீக்ஸ் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் உள்ளிப்பூண்டும் அதே குடும்பம். நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கும். பச்சையோ சமைத்ததோ, இரண்டும் ஒன்றுதான். ஆகவே கறிக்குழம்பில் குழைத்த சோறு நாம நினைக்கிற மாதிரி அன்பளிப்பு இல்லை. சொக்லட், முந்திரிகை, அவித்த கோழி எலும்பு இவையும் கூடாது.

இன்னொன்று, தேத்தண்ணி. குட்டிக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேயிலையில் இருக்கிற கஃபீன் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். மனிதனுக்குச் சுறுசுறுப்பு தருகிற அளவே சின்ன உடம்புக்கு ஆபத்தாகலாம். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக நம்மை வேலை வாங்குகிற இலை, நம்ம நாய்க்கும் நல்லது செய்யாது.

தீனியோடு இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, விசர்நோய்த் தடுப்பூசி. இலங்கையில் விசர்நாய்ச் சட்டம் 1893இலேயே வந்தது. சொந்தக்காரர் இல்லாத நாயைப் பிடித்துக் கொல்வதுதான் நீண்ட காலம் வழி. 2006இல் அந்தப் போக்கு மாறி, தடுப்பூசியும் கருத்தடையும் முன்னுக்கு வந்தன. அரச சுகாதாரப் பிரிவு நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறது. உங்க பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்க, லயத்துக்கே வரச்சொல்லிக் கேளுங்க.

இரண்டாவது, சிறுத்தை. பேக்கரின் நாய்களைத் தூக்கிப்போன அதே மிருகம் இன்றும் தேயிலைக்குள் நடமாடுகிறது. இரவில் வெளியில் கட்டிப்போட்ட நாய் அதுக்கு ஓடமுடியாத இரை. நாயைத் தேடி அது லயத்துக்கு வந்தால் மனிதர்களுக்குப் பயம், பயத்தில் மனிதர்கள் செய்வது சிறுத்தைக்கு ஆபத்து. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்த கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது. நாயை இரவில் உள்ளே எடுத்தால் ஒரே வேலையில் மூன்று உயிருக்கும் காவல். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டுக்கு இதைச் சொல்வது லேசு, செய்வது கஷ்டம். ஆகவே வீட்டுக்கும் காணிக்குமான நம்ம கோரிக்கைக்குள் இதுவும் இருக்கிறது.

துரையின் நாய்க்குப் புத்தகம் இருக்கிறது. லயத்து நாய்க்கு எதுவும் இல்லை. ஆனால் கொழுந்துக் கூடைக்குப் பின்னால் மலை ஏறினதும், பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பினதும், இருட்டில் காவலுக்குப் படுத்ததும் அதுதான். உங்க வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் அவங்க சின்ன வயசில் வளர்த்த நாய்களின் பேரைக் கேட்டு எழுதி வையுங்க. அது என்ன தின்றது என்றும் கேளுங்க. அந்தப் பதிலில் வீட்டில் அப்போது யார் யார் பசித்திருந்தார்கள் என்பதும் வந்துவிடும்.