மராமத்துக்குப் போன பத்திரம்

எங்கள் பக்கத்தில் வீட்டை மராமத்துப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் பீரோவைத் திறந்து பத்திரத்தைத்தான் எடுப்பார்கள். கொத்தனாரைக் கூப்பிடுவது அதற்கப்புறம். சிவகாசியில் பத்திரம் எழுதுவது எனக்குத் தொழில். அப்பாவிடம் எழுத்துப் பழகி லைசென்ஸ் வாங்கியவள் நான். கிரயம், தான செட்டில்மெண்டு, பாகப்பிரிவினை, உயில் எல்லாம் எழுதுகிறேன். ஆனால் நாரணாபுரம், பள்ளபட்டி, விஸ்வநத்தம் ஜனங்களுக்கு இரண்டு தலைமுறையாக நாங்கள் எழுதியதில் வீட்டின் மேல் வாங்கிய கடன் பத்திரங்கள் தனிக் கட்டு. என்ன செலவுக்கு என்று கேட்டால் கல்யாணம், வைத்தியம் என்பார்கள். அதற்குச் சமமாக வரும் பதில், "கூரை ஒழுகுது, செவரு விட்ருச்சு."

சுவர் விடுவதற்குக் காரணம் எங்கள் மண். கரிசல் பூமி மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். வைகாசியில் காட்டுக்குள் நடந்தால் பாதமே இறங்கிவிடும் அளவுக்குப் பிளவு கிடக்கும். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. ஆழம் பார்க்காமல் போட்ட அஸ்திவாரம் அதனோடு சேர்ந்து ஏறி இறங்க, ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாகக் கிளம்பும். எங்கள் பாட்டி காலத்தில் மண் சுவரும் பனை ஓலையும்தான். விரிசலை மண் குழைத்து அப்புவார்கள், ஓலையை மாற்றி வேய்வார்கள். வசதி வந்தவர்கள் நாட்டு ஓடு, அடுத்து சீமை ஓடு போட்டார்கள். இன்னும் கையில் இருந்தவர்கள் கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்த சுண்ணாம்பில் காரை வீடு கட்டினார்கள். பங்குனிப் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதுதான் வருஷாந்திர மராமத்து. செலவு கைக்குள் அடங்கியது.

சிமெண்டு வந்ததும் கணக்கு மாறியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலை, விருதுநகர் பக்கம் துலுக்கபட்டியில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. ஆலங்குளத்தில் அரசாங்க சிமெண்டு ஆலை 1970-ல் வந்தது. மூட்டை பக்கத்திலேயே கிடைத்தது. ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவது கௌரவமாகிவிட்டது. என் மாமனாரும் எண்பதுகளில் அப்படித்தான் பின்கட்டுக்குத் தளம் போட்டார். மேலே தட்டோடு பதிக்கக் காசு இல்லாமல் விட்டார். அதன் விளைவைத்தான் இந்தப் பங்குனியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கொத்தனார் சுத்தியலின் பின்பக்கத்தால் தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் "டங்" என்றது, சில இடங்களில் "டொப்" என்றது. "டொப்" என்ற இடத்தில் லேசாக நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழ, உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. "மழத்தண்ணி எறங்கிருக்குக்கா. கம்பி துருப்புடிச்சா பெருக்கும். பெருத்தா சிமெண்டத் தள்ளத்தான செய்யும்" என்றார். பூசி மூடினால் அடுத்த மழைக்குள் திரும்பவும் வந்துவிடும் என்றும் சொன்னார். சாரம் கட்டி, துரு சுரண்டி, புதுக் கம்பி கட்டி, கலவை போட்டு, மேலே தட்டோடும் பதிக்க வேண்டும். அதற்குத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். முன்கட்டைப் புதிதாகக் கட்ட வாங்கிய வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடுகிறது. அதன் தலையில் இது.

எங்கள் பக்கத்தில் இப்படி வாங்கிய கடன் எப்படி அடைந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கையில் காசு எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923-ல் இங்கே ஆரம்பித்தார்கள். அதன் வழியில் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. பருத்தியையும் கம்பையும் மழையையும் நம்பிக் கிடந்த கிராமங்கள் பயராபீஸை, அதாவது பட்டாசு ஆலையை, நம்ப ஆரம்பித்தன. வாரச் சம்பளம் வந்தது. ஆனால் பட்டாசுக்கும் பருவம் உண்டு. மருந்து காய வெயில் வேண்டும். விற்பனை தீபாவளியை ஒட்டித்தான். ஆவணி, புரட்டாசியில் கூலி கூடும், தீபாவளிக்கு முன் போனஸ் வரும். தீபாவளி முடிந்ததும் அடைமழை, வேலை மந்தம். வெள்ளாமைக்காரனுக்கு மழை வேண்டும், எங்களுக்கு வெயில் வேண்டும். இரண்டு பேருமே வானத்தைப் பார்த்துத்தான் கடன் அடைக்கிறோம்.

இதைப் புரிந்துகொண்ட கடன்முறை ஒன்று எங்களிடம் இருந்தது. அதுதான் ஒத்தி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் உள்ள உரிமை பேசப்படுகிறது, அவ்வளவு பழசு. வீட்டையோ வீட்டில் ஒரு பகுதியையோ ஒருவரிடம் ஒப்படைத்து மொத்தமாகப் பணம் வாங்குவது. குடிவந்தவர் வாடகை தர வேண்டாம், பணம் வாங்கியவர் வட்டி தர வேண்டாம். கெடு முடிந்து முதலைத் திருப்பினால் வீடு திரும்பும்.

அப்பா அறுபதுகளில் எழுதிய ஒத்திப் பத்திரம் ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. இரண்டு கட்டு ஓட்டு வீடு. உத்திரம் செல்லரித்துப் போக, அதை மாற்ற முன்கட்டை ஒத்திக்கு விட்டிருக்கிறார்கள். நான்கு எல்லை சொன்ன பிறகு, கிணற்றில் இரு குடும்பமும் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டியது, நடையில் இரு குடும்பமும் போய்வர வேண்டியது என்று எழுதியிருக்கிறது. அம்மியும் உரலும் யார் பக்கம் என்பது வரைக்கும் உண்டு. கெடு ஐப்பசி மாதத்தில் முடிகிறது. அப்பாவின் பத்திரக் கட்டில் இப்படி ஐப்பசிக் கெடு வைத்த பத்திரங்கள் நிறைய. தீபாவளிப் பணம் கைக்கு வரும் மாதம் அது என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், எழுதிய அப்பாவுக்கும் தெரியும்.

பாதி வீட்டைக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பின்கட்டு முழுக்கச் சாரம். அடுப்படி தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அத்தையின் கட்டில், பையனின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், மகளின் தையல் மெஷின், அரிசி டிரம் எல்லாம் ஒரே அறையில். பயராபீஸில் போர்மேன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் களைத்து வந்தால் காலை நீட்ட இடம் இல்லை. கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் டீ போடுவது, சிமெண்டு மூட்டை எண்ணுவது, பையன் படிக்கும் நேரத்தில் கட்டிங் மெஷினை நிறுத்தச் சொல்வது, சாயங்காலம் ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைப்பது, இதற்கு நடுவில் கட்சிக்காரர்களுக்குப் பத்திரம் எழுதுவது என்று நாள் போகிறது. அத்தைதான் தேற்றுவார்கள். "நாங்க முன்கட்ட ஒத்திக்கு விட்டுட்டு நாலு பிள்ளைகளோட அடுப்படியிலதான் படுத்தோம். மூணு தீபாவளி கழிச்சுத் திருப்புனோம் தாயி" என்பார்கள்.

ஒத்திக்கு விட்ட வீட்டில் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? எங்கள் பகுதியில் அதிகம் சண்டை வந்த கேள்வி அதுதான். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, வீட்டை அனுபவிக்கும் ஒத்திதாரர், அதிலிருந்து வரும் வருமானத்தில் வரியும் வட்டியும் போக மிஞ்சுவதைக் கொண்டு அவசியமான பழுதுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது 76-ம் பிரிவு. சொத்து அழியாமல் காக்கச் செலவழித்தால் அதை முதலோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது 72-ம் பிரிவு. அப்பா இரண்டையும் கட்சிக்காரர்களுக்கு வாசித்துச் சொல்லி, எந்த வேலை யார் தலையில் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார். ஓடு மாற்றுவது குடியிருப்பவர், உத்திரம் மாற்றுவது வீட்டுக்காரர் என்று பிரித்துவிட்டால் பிறகு வாய்ச்சண்டை இல்லை.

வீட்டை மீட்கும் உரிமைக்கும் சட்டம் காவல் இருந்திருக்கிறது. அடமானமாகப் பிறந்தது எந்நாளும் அடமானமே, அது தானாகக் கிரயமாகிவிடாது. மீட்க வழக்குப் போட 1908-ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் 60 வருஷம் கொடுத்தது, 1963-ம் வருஷத்துச் சட்டம் அதை 30 ஆக்கியது. அனுபவ பாத்தியதையோடு கூடிய ஒத்தியில் பத்திரத் தேதியிலிருந்து அந்த 30 வருஷத்தை எண்ணக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. பாட்டன் வைத்த ஒத்தியைப் பேரன் திருப்ப வழி இருக்கிறது.

ஒத்தியில் எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். முதலைத் திரட்ட முடியாமல் ஒத்தியைக் கிரயமாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பத்திரங்களும் அந்தக் கட்டில் இருக்கின்றன. பாதி வீட்டைக் கொடுக்க முடியாதவர்கள் வட்டிக்குத்தான் போனார்கள். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க ராஜாஜி அமைச்சரவை 1938-ல் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒத்தியும் சட்டமும் எட்டாத இடைவெளிகளில் வீட்டைக் காப்பாற்றியது பெண்களின் கழுத்தும் காதும்தான். கம்மல் அடகுக் கடையில் இருக்க, காதில் வேப்பங்குச்சியோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள் கட்டிய தளங்கள் இவை.

அதனால் வங்கிக் கடன் வந்ததை நான் வரவேற்றேன். வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. 1977-ல் வந்தது. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-ல் வந்தது. எங்கள் ஊர் வரை வீட்டுக் கடன் இறங்கிவரப் பல வருஷம் ஆனது. மூலப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையை 1882-ம் வருஷத்துச் சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற சில துறைமுக நகரங்களுக்குத்தான் கொடுத்திருந்தது. இன்று சிவகாசி சார்பதிவாளர் ஆபீஸில் அது அன்றாட வேலை. நியாயமான வட்டி, நீண்ட கெடு, குடும்பம் முழு வீட்டிலும் இருக்கலாம். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டதே, அது என் கட்சிக்காரர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

ஒரே ஒரு குறை. வங்கிக்கு ஐப்பசி தெரியாது. மாதம் பிறந்தால் டியூ. 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் ரசாயனம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பயராபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போதும் டியூ தேதி மாறவில்லை. கொரோனாவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்க வழி கொடுத்தார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்து ஏறத் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் கடனின் கெடுவும் அதோடு நீண்டது.

பயிர்க்கடனைப் பாருங்கள். குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி விழுந்தால்தான் வாராக்கடன். வீட்டுக் கடன் 90 நாள் தாண்டினாலே வாராக்கடன். 2002-ம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே நடவடிக்கை எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. வயலுக்குப் பருவம் உண்டு என்று ஒப்புக்கொண்டது சரியான காரியம். பயராபீஸ் தொழிலாளி குடும்பத்துக்கும் பருவம் உண்டு என்று ஒப்புக்கொள்ள என்ன தடை? கார்த்திகை, மார்கழி, தையில் வந்து விழும் 90 நாள்தான் எங்கள் வருஷத்தில் கை வறண்ட 90 நாள்.

நான் கேட்பது தள்ளுபடி இல்லை. மொத்தத் தொகையும் வட்டியும் அப்படியே இருக்கட்டும். ஆடியிலிருந்து ஐப்பசி வரை கூடுதல் டியூவும் மழை மாதங்களில் குறைந்த டியூவும் வைத்து, வருஷக் கணக்கில் சரிக்கட்டும்படி எங்கள் வட்டாரத்து வீட்டுக் கடனையும் மராமத்துக் கடனையும் எழுத வேண்டும். தொழில் முழுக்க நின்றுபோகும் வருஷங்களுக்கு ஒரு ஷரத்தும் வேண்டும். கூலியைப் பார்த்துக் கெடு வைக்க ஓட்டு வீட்டு ஒத்திப் பத்திரத்துக்கே தெரிந்திருந்தது. நாரணாபுரத்தில் கடன் கொடுக்க வருகிற எந்த வங்கியும் அதைக் கற்றுக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்க நான் தயார்.