தமிழில் கற்ற இரண வைத்தியம்



சத்திரசிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருவது கத்திதான். சொல்லின் பொருளும் அதுவே. சத்திரம் என்றால் ஆயுதம். பரணரோ ஊசியைப் பாடினார். போரிலே பிளந்த மார்பைத் தைக்கும் நீண்ட வெள்ளிய ஊசி, குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையைப் போலப் புகுந்து வெளிப்படுகிறதாம். பதிற்றுப்பத்தின் இந்த உவமையை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம், தைத்த கையை அருகிருந்து பார்த்தவரே இப்படிப் பாடியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

தைக்கும் கை பழக்கத்தால் வருவது. எதைத் தைப்பது, எதைத் தைக்காமல் விடுவது என்பதோ படிப்பால் வருவது. அந்தப் படிப்பை மேனாட்டு முறையிலே, தமிழ் மொழியிலே கற்பித்த காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது.

அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தார். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மானிப்பாயில் தங்கி நோயாளரைப் பார்த்தார். இளைஞருக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். கற்றவர்களோ அரச உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்திலே தங்கி வைத்தியம் செய்வோர் வேண்டுமென்றால் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று கண்டு, 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் கற்றோர் 60 பேருக்கு மேல். ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்கள்.

கற்பிக்க நூல் வேண்டுமல்லவா? இங்கிலாந்து மருத்துவர் றொபேட் துருவிற் 1839இல் வெளியிட்ட சத்திரவைத்தியக் கைந்நூல் அக்காலத்திற் பெயர் பெற்றது. அது 1867இல் "இரண வைத்தியம்" என்ற பெயரோடு தமிழில் அச்சேறியது. இரணம் என்றால் புண். கத்தியைச் சொல்லாமல் புண்ணைச் சொன்ன அந்தப் பெயரே நல்ல பாடமாக எனக்குப் படுகிறது. சத்திரவைத்தியம் கற்பவன் முதலில் அறியவேண்டியது வெட்டும் வகையையன்று, அழற்சியை. சிவத்தல், வீங்குதல், சுடுதல், நோதல் என்ற நான்கு குறிகளையும் உரோமரான செல்சசு ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். சீழ்க்கட்டு, தசையழுகல், எலும்பு முறிவு, குடலிறக்கம் முதலிய நோய்களை அறிந்த பின்னரே கத்தி கைக்கு வரும். "சுடுது, நோகுது" என்று நம் கிழவி சொல்வதும் அந்த நான்கிலே இரண்டுதானே! தமிழிற் கற்றவனுக்கு நோயாளியின் வாய்மொழியே பாடநூலின் மொழியாகவும் இருந்தது.

ஆனால் அதே 1867இல் கிளாஸ்கோவிலே வேறொன்று நிகழ்ந்தது. இரண்டாண்டுக்கு முன், வண்டிச் சில்லேறிக் காலெலும்பு முறிந்து புண்ணாகிய 11 வயதுச் சிறுவனுக்கு ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலம் இட்டுக் கட்டினார். புண் சீழ் வைக்கவில்லை. காலை அறுத்தெடுக்கவும் நேரவில்லை. அதையும் அது போன்ற நோயாளரின் வரலாறுகளையும் 1867இல் 'லான்செற்' இதழில் எழுதினார். புண் அழுகுவது விதியன்று, கிருமியின் வேலை என்ற அறிவு சத்திரவைத்தியத்தின் அத்திவாரத்தையே மாற்றியது. அவ்வாண்டு அச்சேறிய நம் நூலில் அது இடம்பெற வாய்ப்பிருக்கவில்லை.

1883இல் துருவிற் மறைந்த பின்னரும் அவருடைய ஆங்கில நூலைப் பிறர் திருத்திப் பதிப்பித்தார்கள். தமிழிலே அந்தத் தொடர்ச்சி அமையவில்லை. 1873இல் தாயகம் திரும்பிய கிறீன் அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை, 1884இல் காலமானார். கொழும்பிலே 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. 1978இல் உருவான யாழ்ப்பாண மருத்துவ பீடமும் அவ்வாறே.

தமிழால் முடியாது என்பாருக்கு "இரண வைத்தியம்" விடை. தமிழில் ஒருமுறை பெயர்த்துவிட்டால் போதும் என்பாருக்கும் அதுவே விடை. அறிவு ஆண்டுதோறும் மாறுகிறது. அதை எடுத்துச்சொல்லும் நூலும் கூடவே மாறவேண்டும். இன்று உயர்தர உயிரியலைத் தமிழிற் கற்று மருத்துவ பீடம் செல்லும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நன்றாகக் கற்கட்டும். கற்றதை நோயாளிக்கு அவன் மொழியிலே விளக்கும் எளிய நூல்களையும் எழுதட்டும். மானிப்பாயில் நின்றுபோன பணி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.